நின்றால் கொதிக்கும் கார் எஞ்சின்: கோளாறைக் கண்டறிவது எப்படி?

சேக்காட்டிலிருந்து விடியற்காலையில் கீரைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு கோயம்பேட்டுக்குப் புறப்படும் பழைய கார், காலியான சாலையில் ஓடும்வரை ஒழுங்காக இருக்கிறது. அம்பத்தூர் சிக்னலிலோ, மார்க்கெட் வாசல் வரிசையிலோ பத்து நிமிடம் நின்றால் உஷ்ணம் காட்டும் முள் மேலே ஏறுகிறது. வண்டி நகர்ந்ததும் முள் தானாக இறங்கிவிடுகிறது. "ஓடினால் சரியாகிவிடுகிறதே" என்று பலரும் இதை விட்டுவைக்கிறார்கள். இப்படியே விட்டால் ஒரு நாள் ஹெட் கேஸ்கட் போகும். சிலிண்டர் ஹெட் வளையும். ஒரு போகத்து லாபம் ஒர்க்‌ஷாப்புக்குப் போவதோடு, அன்றைய கீரையும் வழியிலேயே வாடும்.

நின்றால் சூடு, ஓடினால் குளிர்ச்சி என்ற இந்த அடையாளமே கோளாறு எங்கே என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. களத்தில் நெல் தூற்றும்போது காற்று வீசினால் முறம் போதும். காற்று நின்றுவிட்டால் விசிறி வேண்டும். காரும் அப்படித்தான். ஓடும்போது எதிர்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நின்றால் அந்த வேலையை ஃபேன் ஒன்றே செய்தாக வேண்டும். ஆகவே முதலில் சந்தேகிக்க வேண்டியது ஃபேனை. மாறாக, வேகமாக ஓடும்போதும் மேடு ஏறும்போதும் சூடேறினால் தண்ணீர் ஓட்டத்தில் தடை, ரேடியேட்டர் அடைப்பு என்று கொள்ளலாம்.

கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சின் நாள் முழுதும் நின்ற இடத்திலேயே ஓடுகிறதே, அது ஏன் கொதிப்பதில்லை என்று கேட்கலாம். இறைக்கும் தண்ணீரில் ஒரு பங்கு அதன் உடம்பு வழியே ஓடி, சூட்டை வெளியே கொண்டுபோய்விடுகிறது. காரில் அதே தண்ணீர்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. அதன் சூட்டை வாங்கிக்கொள்ளக் காற்று வேண்டும்.

சோதனையை எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும் காலை நேரத்தில் தொடங்குங்கள். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. பல கார்களின் மூடி சுமார் 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அதனால் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய நீர் ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணமே அது ஆவியாகிச் சீறி முகத்தில் அடிக்கும். ஈரச் சாக்கைப் போட்டுத் திருகினால் போதும் என்பது ஆபத்தான யோசனை.

ஆறிய எஞ்சினில் தண்ணீர் மட்டம் சரியாக இருந்தால், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஸ்டார்ட் செய்து, போனெட்டைத் திறந்து காத்திருங்கள். மாருதி ஆம்னி (1984-ல் வந்து 2019-ல் உற்பத்தி நின்றது) போன்றவற்றில் ஃபேன் மின்சார மோட்டாரால் சுற்றுகிறது. முள் பாதியைத் தாண்டிச் சிறிது ஏறியதும் ஃபேன் தானே சுற்றத் தொடங்க வேண்டும். சாவியை எடுத்த பிறகும் சில வண்டிகளில் அது திடீரெனச் சுற்றும். விரல், துண்டு, சேலைத் தலைப்பு அருகே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபேன் சுற்றவே இல்லையா? முள் சிவப்புக் கோட்டை எட்டும்முன் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஃப்யூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் மோட்டாரின் பிளக்கைக் கழற்றி, 20 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்த ஒயரால் பாட்டரியிலிருந்து நேரே மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் சுற்றாவிட்டால் மோட்டார் போய்விட்டது. சுற்றினால் மோட்டார் நலம். ரிலே, உஷ்ண சுவிட்ச், ஒயர் இவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. ஏ.சி. உள்ள கார்களில் இன்னும் சுலபம்: பெரும்பாலானவற்றில் ஏ.சி.யைப் போட்டவுடன் ஃபேன் சுற்ற வேண்டும். கம்ப்யூட்டர் கட்டுப்பாடு உள்ள புதிய வண்டிகளில் ஒயர்களை நாமே இணைத்துப் பார்ப்பது வேண்டாம். ஸ்கேனர் உள்ள மெக்கானிக்கிடம் விடுவது நலம்.

ஃபேன் சுற்றுகிறது, ஆனாலும் சூடு என்றால், காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். இந்தச் செய்தித்தாளிலேயே கால் பக்கத்தைக் கிழித்து முன்புறக் கிரில்லின் எதிரே பிடியுங்கள் (படித்து முடித்த பிறகு!). காகிதம் கிரில்லோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளினால், மோட்டார் மாற்றியபோது ஒயரை இடம் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். ஒட்டாமல் துவண்டு விழுந்தால் மோட்டார் பலவீனம், அல்லது ரேடியேட்டர் இடுக்குகளில் வைக்கோல் தூசி, பூச்சி, புல் விதை அடைத்திருக்கிறது. எஞ்சின் ஆறிய பின், எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். வாகனம் கழுவும் பம்பின் வேகத்தில் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

பழைய அம்பாசிடர், டிராக்டர் போன்றவற்றில் ஃபேனை பெல்ட் சுற்றுகிறது. எஞ்சின் மெதுவாக ஓடினால் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். இதில் தொய்ந்த பெல்ட்டும், கழற்றிப் போட்டுவிட்ட ஃபேன் கூண்டும் நின்ற இடத்தில் சூடேற்றும். கட்டை விரலால் அழுத்தினால் பெல்ட் 10 முதல் 15 மி.மீ. வரை இறங்கலாம்; அதற்கு மேல் கூடாது.

காற்று சரியாக இருந்தும் முள் ஏறினால் அடுத்தது தண்ணீர். ஆம்னியில் எஞ்சின் இருக்கைக்குக் கீழே, ரேடியேட்டர் முன்னால். இடையே நீண்ட குழாய்கள். தண்ணீர் மாற்றும்போது காற்று உள்ளே தங்கிவிடுவது எளிது. தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் போல் இறுகுவது, ரேடியேட்டர் வாயில் ஓயாமல் குமிழி வருவது, ஆயில் பால் கலந்த காப்பி நிறமாவது, இவை ஹெட் கேஸ்கட் போனதன் அறிகுறிகள். அதன் பிறகு வண்டியை ஓட்டாதீர்கள்.

சூடு என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊர் வழக்கம். ஃபேன் கோளாறுக்கு அது மருந்தல்ல. எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் எரிபொருள் கூடுதலாகும், தேய்மானமும் வரும். ஃபேனை பாட்டரியோடு 'டைரக்ட்' கொடுப்பது அன்று வீடு வந்து சேர மட்டுமே உதவும்.

வழியில் முள் சிவப்பைத் தொட்டால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். கொதிக்கும் எஞ்சின் மேல் குளிர்ந்த நீரைக் கொட்டினால் இரும்பு விரிசல் விடும். ஒரு மணி நேரமாவது ஆறவிட்ட பிறகே மூடியில் கை வையுங்கள்.

ரேடியேட்டருக்கு போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். வெந்நீர் அண்டாவின் அடியில் படியும் அதே சுண்ணாம்பு, ரேடியேட்டரின் சன்னமான குழாய்களிலும் படியும். கூலன்ட்டும் வாலை வடிநீரும் சரிபாதி கலந்து ஊற்றுவது பொதுவான முறை. கூலன்ட் பெரும்பாலும் எதிலீன் கிளைகால் கலந்தது. இனிப்புச் சுவையுள்ள விஷம். வடித்த கூலன்ட்டைத் தொட்டியோரத்திலோ வாய்க்காலிலோ கொட்டினால் மாடும் நாயும் நக்கிவிடும். மூடியுள்ள கேனில் பிடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.