குளியலறைத் தரை: டைல்ஸா, வினைலா?

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை பெற்ற முதியவர் ஒருவரின் மகள், வீடு திரும்பும் நாளுக்கு முன்பு எங்கள் மறுவாழ்வுப் பிரிவில் ஒரு கேள்வி கேட்டார். "இங்கே வார்டுத் தரையில் அப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு அச்சமின்றி நடக்கிறார். வீட்டுக் குளியலறை டைல்ஸில் வழுக்கித்தான் விழுந்தார். அதைப் பெயர்த்துவிட்டு, இங்கிருப்பதைப் போன்ற வினைலையே அங்கும் போட்டுவிடலாமா?"

நியாயமான கேள்வி. இதே ஐயம் வேறு பலருக்கும் எழுவதால், அவருக்குச் சொன்ன விடையைச் சற்று விரித்து இங்கே தருகிறோம்.

வார்டுத் தரை எந்நேரமும் உலர்ந்திருப்பது. அங்கே நடப்பவர் பெரும்பாலும் காலணி அணிந்திருப்பார். வீட்டுக் குளியலறையிலோ வாளியும் குவளையும் வைத்துக் குளிக்கிறோம். தரை முழுவதும் நீர் ஓடுகிறது. சோப்பு நுரை பரவுகிறது. நிற்பவர் வெறுங்காலுடன் நிற்கிறார். ஆகவே அம்மகள் ஒப்பிட்டது உலர்ந்த வினைலையும் நனைந்த டைல்ஸையும். இரண்டையும் நனைத்துப் பார்த்தால் தீர்ப்பு மாறக்கூடும். வழுவழுப்பான மேற்பரப்பு எதுவாயினும், பாதத்துக்கும் தரைக்கும் நடுவே சோப்பு நீர் புகுந்தால் பிடிப்பு போய்விடும்.

வினைல் என்ற பெயரில் கடைகளில் கிடைப்பவை எல்லாம் ஒன்றல்ல. மருத்துவமனைகளில் இடப்படுவது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனமுள்ள விரிப்பு. அதன் இணைப்புகள் வெப்பத்தால் உருக்கி ஒட்டப்படுகின்றன. ஓரங்கள் சுவரில் சில அங்குலம் மேலேறி நிற்கும். நீர் உள்ளே இறங்க இடுக்கே இராது. ஈரமான இடங்களுக்கென்று நுண்ணிய கரகரப்புத் துகள்கள் பதித்த தனி வகையும் உண்டு. பயிற்சி பெற்றவர் முறையாக இட்டால் அது நல்ல தரையே. பாதத்துக்குச் சில்லென்று இராது, சற்று மெத்தென்றும் இருக்கும். ஆனால் சுருளாக வாங்கி வந்து பழைய தரைமேல் விரித்துவிடும் மெல்லிய விரிப்பும், பலகை பலகையாகக் கோத்துப் பொருத்தும் வினைலும் வேறு. நாள்தோறும் நீர் கொட்டும் குளியலறையில் ஓரங்கள் வழியாகவும் இணைப்புகள் வழியாகவும் ஈரம் அடியில் இறங்கும். இறங்கிய ஈரம் எளிதில் வெளியேறாது. பசை விடும், பூஞ்சை படரும், விரிப்பின் ஓரம் மேலெழும். அவ்வாறு எழுந்த ஓரத்தில் வாக்கரின் கால் தட்டுவது, டைல்ஸில் வழுக்குவதைக் காட்டிலும் குறைந்த ஆபத்தன்று.

"வினைல் மென்மையானது, விழுந்தாலும் அடிபடாது" என்று சிலர் நம்புகின்றனர். 2 மில்லிமீட்டர் விரிப்பு கான்கிரீட்டின் மேல்தான் கிடக்கிறது. எலும்புத் தேய்மானம் உடையவரை அது காக்கும் என எண்ணிவிட வேண்டா.

ஆகவே, தரை முழுவதும் நனையும் நம் வகைக் குளியலறைக்கு டைல்ஸே பொருத்தம் என்பது எங்கள் கருத்து. ஆனால் எந்த டைல்ஸ் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடையில் விளக்கொளியில் பளபளப்பதையே கண் முதலில் தேடும். அதைக் கடந்து, மேற்பரப்பு மங்கலாக, தடவினால் இலேசாகக் கரகரப்பாக உள்ளதைக் கேளுங்கள். பெட்டியில் ஆர் 9 முதல் ஆர் 13 வரை ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கலாம். இது ஜெர்மானியத் தர அளவு. எண்ணெய் தடவிய சாய்தளத்தில், காலணி அணிந்த ஒருவர் எந்தக் கோணம் வரை வழுக்காமல் நிற்கிறார் என்று பார்த்து வகுக்கப்படுவது. வெறுங்காலுக்கு அதே நாட்டில் ஏ, பி, சி என வேறொரு வகைப்பாடு உண்டு. அந்தச் சோதனை சோப்பு நீரில் நடக்கிறது. குளிக்குமிடத்துக்குப் பி வகை ஏற்றது. அந்த எழுத்து பெட்டியில் இல்லையெனில் ஆர் 10 அல்லது ஆர் 11 எனக் கேட்டு வாங்கலாம். ஆர் 9 போதாது.

அப்படியானால் மிகவும் சொரசொரப்பானதே மிகவும் நல்லது என்று முடிவு செய்துவிடாதீர்கள். வண்டி நிறுத்துமிடத்துக்கு விற்கப்படும் பார்க்கிங் டைல்ஸை "வழுக்கவே வழுக்காது" என்று குளியலறையில் பதிப்பவர் உண்டு. நீரிழிவால் பாதத்தின் உணர்ச்சி குறைந்தவர்க்கு இது கேடு. அந்த மேடுபள்ளங்களில் தோல் உராய்ந்து கீறினாலும் அவருக்கு வலி தெரியாது. கண்ணுக்குத் தெரியும்போது அது புண்ணாகியிருக்கும். இவர்களுக்கு ஆர் 10 அளவிலான மென்கரகரப்பே போதும். குளித்தபின் பாதங்களை உறவினர் ஒருவர் பார்த்துவிடுவதும் நல்லது.

வாங்குமுன் ஒரு மாதிரி ஓட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, சோப்பு நீரூற்றி உள்ளங்கையால் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். எண்ணெய்க் குளியல் வழக்கமுள்ள வீடானால் இரண்டு துளி நல்லெண்ணெயும் விட்டுப் பாருங்கள். எண்ணெயை வெல்லும் தரை என்று ஒன்றில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின்னர்ச் சில மாதங்களுக்கு அந்த வழக்கத்தை ஒத்திவைக்கச் சொல்வோம்.

ஓட்டின் அளவும் முக்கியம். இரண்டடிக்கு நான்கடி ஓடு இன்று விரும்பப்படுகிறது. குளியலறைத் தரைக்கு ஓரடிக்கு ஓரடி, அதாவது 300 மில்லிமீட்டர்ச் சதுரம், அல்லது அதனினும் சிறியதே நல்லது. நீர் வடிகாலை நோக்கி ஓட மீட்டருக்கு 1 முதல் 1.5 சென்டிமீட்டர் வரை வாட்டம் வேண்டும். பெரிய ஓட்டை வளைக்க முடியாதாகையால் வாட்டம் சரியாக அமையாமல் நீர் தேங்கும். தேங்கிய இடத்தில் பாசி பிடிக்கும். சிறிய ஓடுகளில் இடைக்கோடுகள் மிகுதி. அவையும் காலுக்குப் பிடிப்புத் தரும். அதற்காக வாட்டத்தைக் கூட்டிவிட்டால் குளியல் நாற்காலி ஒருபுறம் சாயும். கொத்தனாரிடம் இதை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

இடைக்கோடுகளைச் சிமென்ட் கலவையால் நிரப்புவது மலிவு. ஆனால் அது நீரை உறிஞ்சும். எபாக்சி கலவை விலை கூடியது. உறிஞ்சாது, அழுக்கும் பிடிப்பதில்லை. முடிந்தவர்கள் அதையே தேர்ந்தெடுக்கலாம். ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புக் கறைக்கு ஆசிட் ஊற்றும் பழக்கம் நம்மிடையே உண்டு. அது சிமென்ட் கோடுகளை அரித்துவிடும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில், நுரையீரல் நலிந்தவருக்கு அது உயிராபத்து. கரகரப்பான ஓட்டில் சோப்புப் படலம் தங்கும் என்பது உண்மையே. வாரம் இருமுறை தூரிகையால் தேய்த்துக் கழுவினால் போதும்.

பழைய ஓட்டின் மேலேயே புதியதை ஒட்டுவது உளியடியையும் தூசியையும் மிச்சப்படுத்தும். ஆனால் தரை உயர்ந்து, கதவு உரசும் அல்லது கூடத்துக்கும் குளியலறைக்கும் இடையிலுள்ள மட்டம் மாறும். சக்கர நாற்காலியும் வாக்கரும் வருமிடத்தில் அரை அங்குல மேடும் தடையே. நிறத்திலும் கவனம் வேண்டும். தரை, சுவர், கழிப்பறைக் கோப்பை மூன்றும் வெண்மையாக இருந்தால் பார்வை மங்கியவருக்கு எல்லை தெரியாது. கட்டம் கட்டமாகக் கருமை கலந்த ஓடு, மறதி நோய் உள்ளவருக்குப் பள்ளம் போலத் தோன்றி, அவர் காலெடுத்து வைக்கவே தயங்கலாம்.

வாடகை வீட்டில் இருப்போர் தரையைப் பெயர்க்க இயலாது. அவர்கள் இருக்கும் ஓட்டின்மேல் வழுக்காப் பட்டைகளை ஒட்டலாம். ஓரம் உரிந்தவுடன் மாற்றிவிட வேண்டும். அடியில் பிடிப்பில்லாத மிதியடிகளை எடுத்துவிடுங்கள். குளியல் நாற்காலியும் சுவரில் திருகி இறுக்கிய கைப்பிடியும் தரைக்கு இணையான பயன் தருவன. துண்டு தொங்கவிடும் கம்பி கைப்பிடியாகாது. உடலின் பாரத்தை அது தாங்காது.

டைல்ஸ் வேலை என்றால் குறைந்தது ஒரு வாரமாவது குளியலறை பயன்படாது. உடைக்கும்போது எழும் தூசியில் பூஞ்சை வித்துக்களும் இருக்கும். கீமோதெரபி பெறுவோரும் உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றோரும் வேலை முடிந்து வீடு துடைக்கப்படும் வரை வேறிடத்தில் தங்க வேண்டும். மற்றவர்க்கும், நோயாளி மருத்துவமனையில் இருக்கும் நாட்களே வேலைக்கு ஏற்றவை. நாம் முன்னே சொன்ன மகள் அதைத்தான் செய்தார். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசி, ஒரு நாள் நீர் தேக்கி வைத்துக் கசிவில்லை என உறுதி செய்து, அதன் பிறகே சாம்பல் நிறச் சிறு ஓடுகளைப் பதித்தார்கள். தந்தையார் வீடு திரும்ப இரண்டு நாள் தாமதமாயிற்று. அதில் எங்களுக்கும் மறுப்பில்லை.

உங்கள் வீட்டிலும் இவ்வேலை செய்ய எண்ணினால், குளியலறையின் நீள அகலம், கதவின் அகலம், படியின் உயரம் ஆகியவற்றை அளந்து, நான்கைந்து புகைப்படங்களுடன் அடுத்த முறை வரும்போது இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள். கைப்பிடி எந்த உயரத்தில் வர வேண்டும் என்பதை நோயாளியை நிறுத்திப் பார்த்தே அவர் குறித்துத் தருவார். ஓடு பதிக்கும் முன்பே அந்த அளவு கொத்தனார் கையில் இருக்கட்டும்.