கடைக் கணக்குகள்: எதைக் காகிதமாக வைப்பது, எதைக் கம்ப்யூட்டரில் வைப்பது, எத்தனை காலம்?

2015 டிசம்பர் 1-ம் தேதி காலை முதல் மறுநாள் காலை வரை தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். அதற்கு இரண்டு வாரம் முன்பே, நவம்பர் மத்தியில், முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் தண்ணீர் புகுந்து வடிந்திருந்தது. நனைந்த அரிசி மூட்டையையும் சர்க்கரையையும் பற்றி எல்லோரும் பேசினோம். கல்லாவுக்குக் கீழே அட்டைப் பெட்டியில் இருந்த பில் கட்டுகளைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அதே பகுதிகளில் தண்ணீர் நின்றது. பெட்டிகள் பல கடைகளில் அதே இடத்தில்தான் இருந்தன.

அன்றைக்குப் பாஸ்போர்ட் நனைந்தவர்களுக்கு மத்திய அரசு கட்டணமில்லாமல் வேறு கொடுத்தது. மற்ற அரசுச் சான்றிதழ்களுக்கும் நகல் கேட்டு வாங்க வழி உண்டு. ஆனால் நம் பேரேட்டுக்கும் கொள்முதல் பில் கட்டுக்கும் நகல் கொடுக்க எந்த அலுவலகமும் கிடையாது. அவற்றை நாம்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். எப்படி என்பதை நம் அங்கத்தினர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில், கணக்கு இல்லாவிட்டால் என்ன நஷ்டம் என்பதைப் பார்ப்போம். வரி அதிகாரிக்காகத்தான் கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் கடைக்கு வரும்போதுதான் அது யாருக்காக என்பது புரியும். நனைந்து அழுகிய மூட்டைகளை அவர் எண்ணிப் பார்ப்பார். ஆனால் நகராட்சி லாரியில் ஏற்றி அனுப்பிய சரக்கை எப்படி எண்ணுவார்? கணக்கிலிருந்துதான் எடுப்பார். ஏப்ரல் 1-ல் இருந்த இருப்போடு அதன் பிறகு செய்த கொள்முதலைக் கூட்டி, விற்ற சரக்கின் அடக்க விலையைக் கழித்தால், வெள்ளத்தன்று இருந்திருக்க வேண்டிய சரக்கு கிடைக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆரம்ப இருப்பு 6 லட்சம். நவம்பர் முடியக் கொள்முதல் 46 லட்சம். விற்பனை 50 லட்சம். நூற்றுக்குப் பத்து லாபம் என்றால் விற்ற சரக்கின் அடக்கம் 45 லட்சம். அப்படியானால் இருப்பு 7 லட்சம். இப்போது அக்டோபர், நவம்பர் மாதங்களில் வாங்கிய 4 லட்சம் ரூபாய்ச் சரக்குக்கு உங்களிடம் பில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கடைசியாக வந்த பில்கள்தானே இன்னும் ஃபைல் செய்யாமல் கல்லாவில் கிடக்கும்? கணக்குப்படி உங்கள் கடையில் இருந்த சரக்கு 3 லட்சமாகச் சுருங்கிவிடுகிறது. சரக்கும் போயிற்று, சரக்கு இருந்ததற்கான அத்தாட்சியும் போயிற்று.

இதே கணக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 7 லட்சம் சரக்கு வைத்துக்கொண்டு 5 லட்சத்துக்கு மட்டும் பாலிசி எடுத்திருந்தால், மூன்றரை லட்சம் நஷ்டத்துக்கு ஏழில் ஐந்து பங்கு, அதாவது இரண்டரை லட்சம் என்றுதான் கணக்கிடுவது வழக்கம். பாங்கில் ஓவர்டிராஃப்ட் வைத்திருப்பவர்கள் மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மெண்டையும் சர்வேயர் கேட்டு வாங்குவார். பாங்குக்கு ஒரு இருப்பு, ஆடிட்டருக்கு ஒரு இருப்பு என்று எழுதுகிறவர்கள் அன்றைக்கு எதைக் காட்டுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

2015 வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் மண்டிக்குச் சில்லறைக் கடைக்காரர்கள் பலர் வந்தார்கள். சரக்கு எடுக்க வரவில்லை. "அண்ணாச்சி, தீபாவளிக்கு முந்தி நான் எடுத்த சரக்குக்கு டூப்ளிகேட் பில் வேணும்" என்று கேட்டு வந்தார்கள். பில் நகல்கள் மாடி அறையில் இருந்தபடியால் எடுத்துக் கொடுக்க முடிந்தது. நாலைந்து மண்டிகளிலும் எண்ணெய் ஏஜென்சியிலும் இப்படி வாங்கி, கொள்முதல் கணக்கையே திரும்ப எழுதிக்கொண்டவர்கள் உண்டு. ஆகவே மொத்த வியாபாரிகளுக்கு ஒன்று சொல்வேன்: உங்கள் பில் நகல் நூறு கடைக்காரர்களின் கொள்முதல் அத்தாட்சி. அதைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள்.

எத்தனை காலம் வைப்பது?

"ஆறு வருஷம்" என்று வாய்ச்சொல்லாகச் சொல்கிறோம். எந்த நாளிலிருந்து என்பதில்தான் தவறு நேர்கிறது. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவுப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள். 2023-24 கணக்கு ஆண்டுக்கு அந்தக் கடைசி நாள் 2024 டிசம்பர் 31. ஆகவே அந்த ஆண்டின் கணக்கை 2030 டிசம்பர் 31 வரை வைத்திருக்க வேண்டும். 2023 ஏப்ரலில் போட்ட முதல் பில்லுக்கு ஏழே முக்கால் வருஷம் ஆகிறது. அப்பீல் அல்லது விசாரணை நடந்தால், அது முடிந்து ஓராண்டு வரை அல்லது மேற்சொன்ன காலம் வரை, இதில் எது பிந்தியதோ அதுவரை. வருமான வரிக்குத் தனிக் காலவரை உண்டு. உங்கள் ஆடிட்டரைக் கேட்டு, இரண்டில் நீண்டதையே கடைப்பிடியுங்கள்.

இந்தக் காலம் கடந்தவற்றை வைத்திருப்பதில் பிரயோஜனம் இல்லை. அப்பா காலத்து விற்பனை வரி பில்களை இன்னும் பரணில் அடுக்கி வைத்து, செல்லுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் தீனி போடுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். வழக்கு ஏதும் நிலுவையில் இல்லை என்று ஆடிட்டர் சொன்னால் கழித்துவிடலாம். பிள்ளையார் சுழி போட்டு, "லாபம்" என்று எழுதித் தொடங்கிய முதல் பேரேட்டை மட்டும் பூஜை அறையில் வைத்துக்கொள்ளுங்கள். அது வேறு கணக்கு.

கடன் பாக்கிக்கு வேறு கெடு இருக்கிறது. கெடு வைக்காமல் கடனுக்குக் கொடுத்த சரக்கின் விலைக்கு, சரக்குக் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும் என்கிறது 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டம். அந்த மூன்று ஆண்டு முடிவதற்குள் பாக்கிதாரர், "இவ்வளவு தரவேண்டியது உண்மை" என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அந்தக் கையெழுத்துத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள். ஆகவே ஆண்டுக்கொரு முறை பாக்கியை எழுதிக் கையெழுத்து வாங்கும் பழைய வழக்கம் வெறும் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். நம் பேரேட்டில் நாமே எழுதிய பற்று மட்டும் கோர்ட்டில் தனியாகப் போதாது. முன்பு இருந்த சாட்சியச் சட்டத்திலும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய பாரதீய சாட்சியச் சட்டத்திலும் இதுதான் நிலை. பில், லாரி ரசீது, பாக்கிதாரர் கையெழுத்து, இவற்றில் ஏதேனும் கூட வேண்டும்.

காகிதமாகவே இருக்க வேண்டியவை

மகன் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, "எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிட்டுக் காகிதத்தைப் போட்டுடலாம்ப்பா" என்று சொல்வது இப்போது பல கடைகளில் நடக்கிறது. பாதி சரி. ஜி.எஸ்.டி. விதிகள் கணக்கை எலக்ட்ரானிக் முறையில் வைக்க அனுமதிக்கின்றன. தகவல் தொழில்நுட்பச் சட்டமும் 2000-ம் ஆண்டிலிருந்தே அத்தகைய ஆவணங்களை ஏற்கிறது. ஆனால் நாம் ஒருவருக்கொருவர் எழுதி வாங்கும் பிராமிசரி நோட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்திட்ட நோட்டின் போட்டோவை வைத்துக்கொண்டு நோட்டைத் தொலைத்தால் பெரும் சங்கடம். கடை வாடகைப் பத்திரம், பாக்கிதாரர் கையெழுத்திட்ட பேரேட்டுப் பக்கம், எடைத் தராசு முத்திரைச் சான்று, பவுன்ஸ் ஆன செக்கும் அதோடு பாங்கு கொடுத்த மெமோவும், இவையெல்லாம் அசலாகவே இருக்க வேண்டும். மொத்தத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா கொள்ளும். அந்த டப்பா வீட்டு மாடியில் இருக்கட்டும்.

நோட்டில் கணக்கு எழுதுகிறவர்கள் பால் பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். மைப் பேனா எழுத்து தண்ணீர் பட்டால் கரைந்து ஓடிவிடும். தவறாக எழுதியதை அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டுச் சரியானதை எழுத வேண்டும். அழிப்பதும், மேலேயே திருத்தி எழுதுவதும் விதிப்படி கூடாது. கம்ப்யூட்டரிலும் இதுவே விதி. எதைத் திருத்தினோம், எதை நீக்கினோம் என்ற பதிவு உள்ளே இருக்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் வைப்பவை

காகிதத்தைக் குறைப்பதற்கு நான் எதிரி அல்ல. கொள்முதல் பில் வந்த அன்றே செல்போனில் படம் எடுப்பது மிக நல்ல வழக்கம். முக்கியமாக, மெஷினிலிருந்து வரும் வழவழப்பான சின்னச் சீட்டுகள். எடைமேடைச் சீட்டு, பெட்ரோல் பங்க் சீட்டு, கார்டு மெஷின் சீட்டு எல்லாம் இந்த ரகம். இவற்றில் மை கிடையாது. சூட்டில் கறுக்கும் காகிதம் அது. வெயில் பட்டாலும், எண்ணெய்க் கை பட்டாலும், சில பிளாஸ்டிக் உறைகளில் போட்டு வைத்தாலும் சில மாதங்களில் எழுத்து மங்கி வெள்ளைக் காகிதமாகிவிடும். வரிச் சலுகை எடுக்கப் பில் கையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். எழுத்தே இல்லாத பில் கையில் இருந்து என்ன பயன்? அன்றே ஜெராக்ஸ் எடுத்து இரண்டையும் சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.

படம் எடுத்தால் மட்டும் போதாது. கல்யாணப் போட்டோவுக்கும் பேரன் போட்டோவுக்கும் நடுவில் பில் கிடந்தால், கேட்கும்போது கிடைக்காது. மாதத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, தேதி, கம்பெனிப் பெயர், பில் நம்பர் என்று பெயரிட வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த பில்லை அங்கேயே விட்டுவைக்காதீர்கள். போன் மாறினால் அதுவும் போயிற்று.

கணக்கு எழுதும் கம்ப்யூட்டரைத் தரையில் வைப்பதும், காப்பி எடுத்த பென் டிரைவை அதிலேயே செருகி வைத்திருப்பதும் நான் பல கடைகளில் பார்ப்பவை. 2015-ல் இப்படித்தான் பெட்டியும் பென் டிரைவும் ஒரே தண்ணீரில் மூழ்கின. வாரம் ஒருமுறை எடுக்கும் காப்பி கடையில் இருக்கக் கூடாது. ஒன்று வீட்டு மாடியில், இன்னொன்று இன்டர்நெட்டில், கூகுள் டிரைவ் போன்ற இடத்தில். அன்றைக்கு நாட்கணக்கில் கரண்டும் இல்லை, செல்போன் டவரும் இல்லை. அதனால் இன்டர்நெட் காப்பியை மட்டும் நம்புவதும் சரியில்லை.

ஜி.எஸ்.டி. வலைத்தளத்தில்தான் எல்லாம் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு தகவல். ஏழு ஆண்டுக்கு மேற்பட்ட ரிட்டர்ன்களைப் பார்வையிலிருந்து எடுத்துவிடும் திட்டத்தை 2024-ல் அறிவித்தார்கள். வணிகர்கள் சிரமத்தைச் சொன்னபின் மீண்டும் காட்டினார்கள். ஆண்டு முடிந்ததும் டவுன்லோட் செய்து நம்மிடம் வைத்துக்கொள்வதே நல்லது.

வெள்ளத்தில் சரக்கு அழிந்தால், அதற்கு முன்பு எடுத்த உள்ளீட்டு வரியைத் திரும்பக் கட்ட வேண்டும் என்கிறது 17(5) பிரிவு. எந்தச் சரக்கு, எந்தப் பில், எவ்வளவு வரி என்று காட்டப் பில் இல்லாமல் முடியாது. கட்டும் அந்த வரியையும் நஷ்டத்தில் சேர்த்துச் சர்வேயரிடம் எழுத்தில் கொடுங்கள்.

கடைசியாக, பாலிசி. "அது ஏஜெண்ட் தம்பிகிட்ட இருக்கு" என்பதுதான் நம்மில் பலரின் பதில். ஏஜெண்டும் இதே ஊர்க்காரர். நம் கடைக்குள் தண்ணீர் வந்த அன்று அவர் வீட்டுக்குள்ளும் வந்திருக்கும். 2024 ஏப்ரல் முதல் கம்பெனிகள் பாலிசியை எலக்ட்ரானிக் வடிவில் கொடுக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்திருக்கிறது. அது எந்த ஈமெயிலுக்கு வருகிறது என்று பாருங்கள். ஏஜெண்டின் ஈமெயிலாகவோ, வேலையை விட்டுப்போன பையன் தொடங்கிய ஈமெயிலாகவோ இருந்தால் உடனே மாற்றுங்கள். பாலிசி நம்பர், கம்பெனிக் கிளை, முடியும் தேதி, வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்ற விவரம், இந்த நான்கையும் ஓர் அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வடிந்ததும் முதலில் கம்பெனிக்குத் தகவல். பிறகு போட்டோ. நனைந்த பில் கட்டைப் பிரித்து இழுக்கவோ வெயிலில் போடவோ கூடாது. எழுத்தில்லாத வெள்ளைக் காகிதத்தை இடையிடையே வைத்து மின்விசிறிக்குக் கீழே மெதுவாக உலர்த்த வேண்டும். சர்வேயர் பார்க்கும் வரை, படிக்க முடியாமல் போன பில்லையும் குப்பையில் போடாதீர்கள்.