நீர்விமானம்

தரையில் ஓடுவது வண்டி. நீரில் மிதப்பது கலம். வானில் பறப்பது விமானம். நீரில் கலமாக மிதந்து, வானில் பறவையாகப் பறக்கும் ஊர்தியும் ஒன்று உண்டு. அதுவே நீர்விமானம். பிரெஞ்சு நாட்டினரான ஆன்றி ஃபாபர் என்பார், 1910ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 28ஆம் நாள், எஞ்சினின் ஆற்றலால் நீரினின்று எழும் விமானத்தை முதன்முதலாகப் பறக்கவிட்டார்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த அலாஸ்கா மாநிலம் நீர்விமானத்திற்கு ஏற்ற நிலமாகும். அங்கே மலைகளும் பனியாறுகளும் ஏரிகளும் மிகுதி. சாலைகளோ மிகச் சில. தலைநகராகிய ஜூனோவுக்கே வெளியூரிலிருந்து செல்லும் சாலை இல்லை. ஆதலின், தொலைவிலுள்ள சிற்றூர்களுக்கு அஞ்சலையும் உணவுப்பொருளையும் மருந்தையும் சுமந்து செல்வனவும், நோயுற்றாரை நகருக்குக் கொணர்வனவும் பெரும்பாலும் சிறு விமானங்களே. வாடகைக்குப் பறக்கும் நீர்விமானங்களுக்குக் கோடையில் ஏரியும் ஆறும் கடற்கழியுமே இறங்குதளங்கள். கனடாவில் 1947ஆம் ஆண்டு முதன்முதற் பறந்த ‘பீவர்’ என்னும் விமானம், 450 குதிரைத்திறனுள்ள ஒற்றை எஞ்சினுடன், இன்றும் அங்கு உழைத்து வருகிறது.

நீர்விமானத்தின் கால்களாக அமைந்தவை இரு மிதவைகள். அவை விமானத்தின் முழு எடையைத் தாங்குவதோடு, அதற்குமேல் 80 விழுக்காடு தாங்கும் ஆற்றலும் உடையனவாக அமைக்கப்படும். ஒவ்வொரு மிதவையின் உள்ளும் நீர் புகாத தனித்தனி அறைகள் உண்டு. ஓர் அறையில் நீர் புகுந்தாலும் ஏனைய அறைகள் விமானத்தை மூழ்காமற் காக்கும். ஆயினும், கசிந்த நீரைக் கைப்பம்பினால் நாள்தோறும் இறைத்த பின்னரே விமானி புறப்படுவார். இறைக்காது விட்ட நீர் எடையாகும். அவ்வெடை விமானத்தை எழவிடாது தடுக்கும். உப்புநீரில் இறங்கிய விமானத்தை நன்னீரால் கழுவுதலும் வேண்டும்; இல்லையேல் துரு உலோகத்தை அரித்துவிடும்.

நீரின்மேல் இவ்விமானத்தை நிறுத்தத் தடைக்கருவி இல்லை. எஞ்சின் இயங்கத் தொடங்கியவுடன் அது நகரும். காற்று வருந் திசைநோக்கி முகந்திருப்பும். நீருக்குள் இறங்கும் சிறு சுக்கான்களும், ஒரு துடுப்பும், கட்டுக்கயிறுமே கரைசேர்க்கும் துணைகள். கண்ணாடிபோல் அசைவற்றிருக்கும் நீர் காண்பதற்கு இனியது, இறங்குவதற்கோ கொடியது. அலையில்லாத நீர்ப்பரப்பு எவ்வளவு தாழ்வில் உள்ளது என்பதைக் கண் அறியமாட்டாது. ஆகவே, விமானி கரையோர மரங்களை அடையாளமாகக் கொண்டு, எஞ்சினை நிறுத்தாமலே சிறிது சிறிதாகத் தாழ்ந்து நீரைத் தொடுவார்.

காட்டிடையே எஞ்சின் பழுதுபட்டால் உதவி வர நாட்கள் ஆகலாம். அதனால் உணவு, கோடரி, கத்தி, தூண்டில், தீமூட்டும் பொருள், கொசுவலை, மருந்துப்பெட்டி, குறிகாட்டும் கருவி ஆகியவற்றை விமானி உடன்கொண்டு செல்வார். பயணிகள் உயிர்காப்புச் சட்டை அணிவர். அதனை விமானத்திற்கு வெளியே வந்த பின்னரே காற்றால் நிரப்புதல் வேண்டும். உள்ளேயே நிரப்பியவர், நீர் புகும்போது கூரையோடு ஒட்டிக்கொண்டு வெளியேற இயலாமற் போவர்.

கருவிகள் நிறைந்திருப்பினும் அவை பொருத்தமாய் அமையாவிடின் பயனில்லை. தனியொருவராய் 1933ஆம் ஆண்டு உலகை முதன்முதல் வலம்வந்த வைலி போஸ்ட் என்னும் பெரும் விமானி, 1935ஆம் ஆண்டு நகைச்சுவையறிஞர் வில் ராஜர்சுடன் அலாஸ்காவில் பறந்தார். அவருடைய விமானத்திற்கு, அதற்கென அமையாத பெரிய மிதவைகள் பூட்டப்பட்டிருந்தன. அதன் முன்புறம் கனத்திருந்தது. ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள், பாயிண்ட் பாரோ அருகே கடற்கழியினின்று எழுந்தவுடன் எஞ்சின் நின்றது, விமானம் தலைகீழாய் வீழ்ந்தது, இருவரும் மாண்டனர். உலகை வலம்வந்த திறமையும் அன்று துணைசெய்யவில்லை.

மாணவர்களே! பறத்தல் மட்டும் விமானியின் திறமையன்று. சுமையை நிறுத்துப் பார்த்தலும், மிதவையின் நீரை இறைத்தலும், மூடுபனி சூழ்ந்தவழித் திரும்பி வருதலும் அவர் திறமையே. மருந்துக்காகக் காத்திருக்கும் சிற்றூரார்க்கு, விரைந்து புறப்படுபவரினும் தவறாது வந்து சேர்பவரே உற்ற துணைவர்.

வினாக்கள்

1. அலாஸ்காவிற்கு நீர்விமானம் இன்றியமையாதது ஏன்?
2. அசைவற்ற நீரில் விமானி எவ்வாறு இறங்குவார்?
3. வைலி போஸ்டின் முடிவு உணர்த்தும் உண்மை யாது?