டைம்அவுட் வைத்தாயா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. ராத்திரி இரண்டு மணிக்கும் உன் அறையில் விளக்கு எரிகிறது என்று அக்கா போனில் சொன்னாள். அவளைத் திட்டாதே என்றும் சொன்னாள். திட்டவில்லை. அடுத்த வாரம் பணம் கட்டும் பக்கம் லைவுக்குப் போகிறது, நீ ஒருத்திதான் பார்க்கிறாய் என்று கேட்டதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை, அவ்வளவுதான்.

பணம் வாங்கித் தரும் நிறுவனத்தின் ஏபிஐயோடு பேச எச்டிடிபார்ட்டியா, ஃபாரடேயா, ரூபியோடு வரும் நெட் எச்டிடிபியே போதுமா என்று கேட்டிருந்தாய். உன் இஷ்டம்தான். எச்டிடிபார்ட்டி 2008இலிருந்து இருக்கிற ஜெம். ஒரே வரியில் வேலை முடியும், ஜேசானை ஹாஷாகவே கையில் கொடுக்கும். ஆனால் ஜெம்ஃபைல் லாக்கைத் திறந்து பார். ஜேசான் மட்டும் பேசும் உனக்கு எக்ஸ்எம்எல் படிக்கிற ஜெம் ஒன்றும் கூடவே வந்து உட்கார்ந்திருக்கும். 404, 500 எது வந்தாலும் தானாகப் பிழை எழுப்பாது. எதிர் சர்வர் படுத்துக்கொண்டு எச்டிஎம்எல் பக்கம் ஒன்றை அனுப்பினால், ஹாஷ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஸ்டிரிங் இருக்கும். அதனிடம் ஆர்டர் எண்ணைக் கேட்டால் சத்தம் போடாமல் 'நில்' என்ற வெற்று மதிப்பைக் கொடுத்துவிடும். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் இந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

ஃபாரடே பத்து ஏபிஐகளோடு பேசுகிறவர்களுக்கு. நீ பேசுவது ஒன்றோடு. அப்புறம், வெளி ஜெம் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய பாஸ்வேர்டை நம்பித்தான் நிற்கிறது. 2019 ஆகஸ்டில் ரெஸ்ட் கிளையண்ட் என்ற ஜெம்மைப் பராமரித்தவரின் ரூபிஜெம்ஸ் கணக்குக்குள் எவனோ நுழைந்து, பின்கதவு வைத்த பதிப்புகளை வெளியிட்டான். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை, நீயே முடிவு செய்.

எதை எடுத்தாலும் சரி, டைம்அவுட் வைத்தாயா? நீ அனுப்பின கோடில் கண்ணில் படவில்லை. நெட் எச்டிடிபி நீ ஒன்றும் சொல்லாவிட்டால் பதிலுக்கு 60 நொடி காத்திருக்கும். கெட் அழைப்பென்றால், அந்த 60 நொடி முடிந்ததும் உன்னைக் கேட்காமலே இன்னொரு தடவை முயன்று மேலும் 60 நொடி. எச்டிடிபார்ட்டிக்கு அடியில் ஓடுவதும் இதேதான். பூமா சர்வரில் ஐந்து த்ரெட் என்றாயே, ஐந்து பேர் பட்டனை அழுத்திய நேரத்தில் எதிர்ப்பக்கம் மௌனமானால், ஆறாவது ஆளுக்கு உன் முகப்புப் பக்கமே திறக்காது.

உன் அண்ணன் நிச்சயதார்த்தத்தில் நான் பந்தியில் பாதியில் எழுந்து போனதை உன் பாட்டி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். காரணம் இதுதான். கூரியர் கட்டணம் சொல்லும் யாரோ ஒருவருடைய சர்வர் தொங்கிவிட்டது, அதோடு எங்கள் கடையும் தொங்கியது. டைம்அவுட் போடலாம் என்று மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். அப்புறம் பார்க்கலாம் என்றவர், மறுநாள் கூட்டத்தில் என்னைப் பார்த்துத்தான் விளக்கம் கேட்டார். பதில் சொல்லாத சர்வரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன்னையும் நாளைக்கு ஒருவர் அப்படிக் கேட்கக் கூடாது.

போஸ்ட் அழைப்பில் டைம்அவுட் ஆனால் பணம் போகவில்லை என்று எடுத்துக்கொள்ளாதே. உனக்குப் பதில் வரவில்லை, அவ்வளவே தெரியும். கண்ணை மூடிக்கொண்டு திரும்ப அனுப்பினால் வாடிக்கையாளர் கணக்கில் இரண்டு தடவை பிடித்துவிடும். ஸ்ட்ரைப் மாதிரி உங்கள் பணம் வாங்கும் நிறுவனமும், ஒரே கோரிக்கை திரும்ப வந்தாலும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ள வைக்கும் ஐடம்பொட்டன்சி கீயை ஏற்கிறதா பார். ஏற்றால் முதல் நாளிலிருந்தே அனுப்பு.

நானாக இருந்தால் நெட் எச்டிடிபி மேல் சின்னதாக ஒரு கிளாஸ் எழுதுவேன். இணைப்புக்கு இரண்டு நொடி, பதிலுக்கு ஐந்து, ஸ்டேட்டஸ் சோதனை, ஜேசான் பிரிக்க முடியாவிட்டால் நம் பெயரில் ஒரு பிழை. முப்பது நாற்பது வரிதான் வரும். ஆனால் நான் நீ இல்லையே.

நிறையப் பேசிவிட்டேன். நம் வீட்டில் உன்னைப் போல் கெட்டிக்காரி யாரும் இல்லை, நான் உள்பட. எச்டிடிபார்ட்டியே போட்டாலும் மாமாவுக்குச் சந்தோஷம்தான், நிஜமாக. அத்தை ஓட்டடையும் எள்ளுருண்டையும் அனுப்பியிருக்கிறாள், எல்லாம் உனக்கே. அண்ணனுக்குப் பங்கு தர வேண்டாம்.

அன்புடன்,
மாமா

பி.கு.: ரீட் டைம்அவுட் மொத்த அழைப்புக்கு அல்ல, ஒவ்வொரு வாசிப்புக்கும். சொட்டுச் சொட்டாக அனுப்பும் சர்வர் ஐந்து நொடியைத் தாண்டியும் உன்னை உட்கார வைக்கும். இதைத் திங்கட்கிழமை பார்த்தால் போதும்.