ஆயுட்காலக் குடியிருப்புரிமை

மக்கள் வாழ்க்கைக்கு உணவும் உடையும் எத்துணை இன்றியமையாதனவோ, உறையுளும் அத்துணை இன்றியமையாதது. 'குடி' என்னும் ஒரு சொல்லே நம் மொழியில் வீட்டையும், அதில் வாழும் குடும்பத்தையும், பிறர்க்குரிய இடத்தில் வாழ்வோரையும் குறித்து வழங்குகின்றது. பொதுப்பணத்தாற் கட்டப்பெற்ற வீட்டிற் குறைந்த வாடகைக்குக் குடியேறிய ஒருவர், தம் ஆயுள் முழுதும் அங்கு வாழும் உரிமையுடையரோ, அன்றி வறுமை நீங்கியபின் பிறர்க்கு இடம் விட்டு அகலுதலே முறையோ என்னும் வினா இங்கிலாந்து தேசத்திற் பலகாலும் எழுந்துள்ளது. பொருளாதாரமும் குடிமை நூலும் பயிலும் மாணவர்க்குப் பயன்தருமாதலின், அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் வரலாற்றை நோக்குவோம். 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணைகொண்டு லண்டன் கவுண்டி கவுன்சிலார், பெத்னல் கிரீன் பகுதியிலிருந்த சேரியொன்றை இடித்துப் புதிய மனைகள் எழுப்பினர். 1900-இல் அவை திறக்கப்பெற்றன. ஆயின், பழைய குடிகளுள் மிகச் சிலரே ஆங்குக் குடியேறினர். வாடகை கொடுக்கவல்ல தொழிலாளரே பெரும்பாலும் அவற்றைப் பெற்றனர். முதல் உலகப்போருக்குப் பின் 1919-இல் இயற்றப்பெற்ற அடிசன் சட்டம் நகரசபைகளுக்கு அரசாங்கப் பொருளுதவி நல்கி வீடு கட்டத் தூண்டியது. 1949-ஆம் ஆண்டுச் சட்டம், இவ்வீடுகள் தொழிலாளி வகுப்பினர்க்கே உரியன என்னும் வரையறையை நீக்கிற்று. பல வகுப்பினரும் அண்டை அயலாராய் ஒருங்கு வாழவேண்டும் என்பது அந்நாளில் அமைச்சராயிருந்த அனூரின் பெவன் கருத்தாகும்.

இத்துணை வீடுகள் எழுந்தும், 1980 வரையில் அவற்றில் வாழ்ந்தோர்க்குச் சட்டத்தால் உறுதிபெற்ற குடியிருப்புரிமை இல்லை என்பது வியப்புக்குரியது. தனியார் வீட்டுக் குடிகளைக் காத்த வாடகைச் சட்டங்கள் நகரசபை வீடுகளைச் சாரவில்லை. நகரசபையார் நீதியாகவே நடப்பர் என்னும் நம்பிக்கையே குடிகளுக்குத் துணையாயிருந்தது. 1980-ஆம் ஆண்டு வீட்டுச் சட்டமே அவர்கட்கு நிலையான உரிமையை அளித்தது. அதே சட்டம், குடியிருந்த வீட்டைத் தள்ளுபடி விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையையும் அளித்தது.

ஈண்டு ஒரு மயக்கத்தைக் களைதல் வேண்டும். ஆயுட்காலவுரிமை என்பது நிபந்தனையற்ற உரிமையன்று. வாடகை செலுத்தாதவரையும், அயலார்க்கு இடையூறு விளைப்பவரையும், நீதிமன்றத்தின் ஆணைபெற்று வெளியேற்றலாம். தக்க காரணங் காட்டாது, காலம் முடிந்தது என்பது பற்றியே வெளியேற்றலாகாது என்பதே அவ்வுரிமையின் சாரம்.

பின்னர்க் காற்று மாறி வீசிற்று. 2011-ஆம் ஆண்டுச் சட்டம், நகரசபையார் விரும்பினாற் புதிய குடிகளுக்குக் காலவரையறையுடன் வீடளிக்க இடந்தந்தது. பொதுவாக 5 ஆண்டு, சிறப்புக் காரணமிருப்பின் 2 ஆண்டு என்பது கருத்து. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இதனைக் கட்டாயமாக்க முயன்றது. ஆயினும், அப்பகுதியை நடைமுறைக்குக் கொண்டுவருவதில்லையென 2018-இல் அரசாங்கத்தார் அறிவித்தனர். ஸ்காட்லாந்து தேசமோ பொதுவகையில் நிலையுரிமையையே போற்றி வந்துள்ளது.

இனி, காலவரையறை வேண்டுவோர் கூறும் நியாயங்களைக் கேட்போம். இங்கிலாந்திற் பொது வீட்டிற்குக் காத்திருக்கும் குடும்பங்கள் 10 இலட்சத்திற்கு மேற்பட்டவை. குழந்தைகளுடன் ஓரறையில் ஒடுங்கிக் கிடக்கும் தாய் ஒருத்தி, மக்கள் மணந்து சென்றபின் மூன்று படுக்கையறை வீட்டில் தனித்து வாழும் முதியவரைக் கண்டு, 'இஃது என்ன நீதி?' என வினவின், அவ்வினாவை நாம் எளிதில் தள்ளிவிடல் இயலாது. வீட்டினுட் புகும் நாளில் மட்டும் தேவையை ஆராய்ந்து, பின் என்றும் ஆராயாதிருத்தல் பொதுப்பொருளை அளவறிந்து வழங்கும் முறையன்று என்பர் அவர்.

இவை வலிய நியாயங்களே. எனினும், எதிர்த்தரப்பின் நியாயங்கள் இவற்றினும் வலியன என்பது எம் துணிபு. வருவாய் உயர்ந்தால் வீடு போம் என்னும் அச்சம் இருப்பின், உழைத்து முன்னேறும் ஊக்கம் குன்றும். ஐந்தாண்டில் வேறிடம் போகவேண்டியவர் தோட்டத்திற் பழமரம் நடார். ஊர்ச் சங்கத்தில் உழையார். அவர்தம் பிள்ளைகள் பள்ளி மாறியே அலைவர். கூரை ஒழுகுகின்றதென முறையிடவும் அவர் அஞ்சுவர். முறையிட்டவர்க்கு உரிமை புதுப்பிக்கப்பெறுமோ என்னும் ஐயம் நாவை அடக்கும். முன்னேறியவரெல்லாம் அகற்றப்படின், எஞ்சுவோர் வறியர் மட்டுமே. பெவன் கண்ட கலப்புக் குடியிருப்பு கனவாய்ப் போம்.

யாவற்றினும் முதன்மையான நியாயம் ஒன்றுண்டு. ஒரு குடியை அகற்றி மற்றொரு குடியை அமர்த்துதலால் நாட்டில் ஒரு வீடும் கூடுவதில்லை. 1980 முதல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20 இலட்சம் பொது வீடுகள் குடியிருந்தோர்க்கு விற்கப்பெற்றன. அவற்றிற்கு ஈடாகக் கட்டப்பெற்றன மிகச் சிலவே. குளம் வற்றியதற்குக் காரணம் மதகு திறந்திருந்ததாயிருக்க, நீர் மொண்டவர்களை ஒருவரோடொருவர் பிணங்கவிடுதல் அறிவுடைமையாகாது.

பெரிய வீட்டில் தனித்திருப்போரைப் பற்றி என் செய்வதெனின், வற்புறுத்தலினும் அழைத்தலே நன்று என்போம். 2013 முதல், உழைக்கும் பருவத்தினர் வீட்டில் மிகுதியான அறை ஒன்றிருப்பின் வாடகையுதவியில், தகுதியுடைய வாடகையின் நூற்றுக்கு 14 பங்கும், இரண்டு அல்லது அதற்கு மேலிருப்பின் 25 பங்கும் குறைக்கப்பெற்றன. ஆயின், குடிபெயர்வதற்குச் சிறிய வீடுகள் போதுமான அளவில் இல்லாமையால், பலர் இருந்த இடத்திலேயே இருந்து வறுமையுற்றனர். அதே தெருவிற் சிறிய வீடொன்றைக் கட்டி, குடிபெயரும் செலவையும் தந்து, முதியவரை அழைத்திருப்பின், மனமுவந்து செல்வார் பலர் இருப்பர். இதனால் ஓரறையில் வாடும் தாய்க்கும் வழி பிறக்கும்.

ஆதலின், பொது வீட்டிற் குடியிருப்போர்க்கு ஆயுட்காலவுரிமை இருத்தலே தக்கது. அவ்வுரிமையோடு, புதிய வீடுகளைக் கட்டும் கடமையும் அரசினரைச் சாரும் என முடிக்கின்றோம். செல்வன் தன் சொந்த வீட்டில் நாளை இருப்போமோ என அஞ்சித் துயில்வதில்லை. அவ்வமைதியை வறியவர்க்கும் அளித்தல் சலுகையன்று, நீதியே. பின்னாளில் நகரசபைகளிலும் சட்டசபைகளிலும் அமரவிருக்கும் நம் மாணவர், வீடுகளை எண்ணுங்கால் அவற்றுள் வாழும் குடிகளையும் எண்ணுவாராக.