தலைமடை மூன்று மா

அன்புள்ள செந்திலுக்கு,

கொள்முதல் நிலையத்தில் நெல் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆறு நாளாக இங்கேதான் படுக்கை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்கினால்தான் எடுப்பார்கள். பகலில் காய்ந்ததை ராத்திரிப் பனி கெடுத்துவிடுகிறது.

நீ போனில் அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். இரண்டு ஏக்கரை விற்று பேங்கில் போட்டால் நெல்லைவிட வட்டி அதிகம். கூட்டல் கழித்தல் சரிதான். எனக்குத்தான் மூன்று நாளாகத் தூக்கம் இல்லை.

2012-லும் 2016-லும் ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் அணையை செப்டம்பரில்தான் திறந்தார்கள். குறுவை போச்சு. நஷ்டம் எனக்கு மட்டுமா? நடவு ஆட்கள் திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் நம் தெரு டெய்லர் மிஷின்மேல் கையை வைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தார். டீக்கடையில் கடன் நோட்டு கனத்தது, கல்லா கனக்கவில்லை. ஒரு ஏக்கர் விளைந்தால் சேலத்துப் பக்கமிருந்து வரும் அறுப்பு மிஷின்காரன், வைக்கோல் கட்டுகிறவன், அறுப்புக்குப் பத்து நாள் முன்பு ஈரத்தில் தெளிக்கிற உளுந்தைப் பறிக்க வரும் பெண்கள் என்று எத்தனை கை நனைகிறது! உன் வட்டி உனக்கு மட்டும்தான் வரும்.

இதை உன் அப்பாவிடமே சொல்லியிருக்க வேண்டும். 1996-ல் தலைமடை மூன்று மாவை அவன் விற்றபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன் அத்தை கல்யாணக் கடன் என்றான். கடனை நானும்தானே அடைத்தேன்? இன்று அங்கே மனைக்கல் நட்டு, வாய்க்காலை ஒரு முழமாகக் குறுக்கிவிட்டார்கள். கடைமடைக்குத் தண்ணீர் இழுக்க இரண்டு ராத்திரி மண்வெட்டியோடு நிற்கிறேன். வாங்கினவன் இன்னும் வீடு கட்டவில்லை. கருவேல் முளைத்துக் கிடக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம்... சரி, விடு.

முடிவு உன்னுடையது. பத்திரம் உன் பேரில் இருக்கிறது, நான் குறுக்கே நிற்க மாட்டேன். வாங்குகிறவன் உழுகிறவனாக இருக்கட்டும், அவ்வளவுதான். அப்படி ஆள் கிடைக்காவிட்டால் எனக்கே குத்தகைக்கு விட்டுவை. எழுபத்தோரு வயதில் குத்தகை கேட்கிறாரே என்று சிரிக்காதே.

கோபமாக எழுதிவிட்டேனோ? முதல் மாதச் சம்பளத்தில் எனக்குக் கண்ணாடி வாங்கித் தந்த பிள்ளை நீ. உன்னைப்போல் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? பெரியம்மா உனக்கென்று புது அரிசி அரைத்து வைத்திருக்கிறாள். பஸ்ஸில் அலையாதே, மன்னை எக்ஸ்பிரஸில் வா. ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன்.

இப்படிக்கு,
பெரியப்பா