மீண்ட காணியில் சங்கிலிவாள்: தெரிவும் பராமரிப்பும்

1990 ஆம் ஆண்டு யுத்தத்தினால் வலிகாமத்தின் வடக்கு ஓரத்தை விட்டு வெளியேறிய கமக்காரக் குடும்பங்களில் பல, கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே தமது காணியைக் கண்ணால் கண்டன. 2015 மார்ச் மாதத்தில் கோப்பாய்ப் பிரதேச செயலகத்திற்கு உட்பட்ட வளலாய்ப் பகுதியில் காணிகள் விடுவிக்கப்பட்டபோது, மக்கள் முதலில் தேடியது எல்லைக் கல்லைத்தான். வீடு இருந்த இடத்தில் சுவர் மட்டும் நின்றது. சுவரைப் பிளந்து ஆலும் அரசும் வளர்ந்திருந்தன. வெங்காயமும் மிளகாயும் விளைந்த தோட்டத்தில் ஆளுயரத்திற்கு மேல் நாயுண்ணியும் ஈச்சையும் இப்பில் இப்பிலும் மண்டிக் கிடந்தன.

இப்படிப்பட்ட காணியைக் கத்தியாலும் கோடரியாலும் துப்புரவாக்க ஒரு குடும்பத்திற்கு மாதங்கள் ஆகும். ஆகவேதான், "சுவாமி, ஒரு செயின்சோ எடுத்தால் என்ன?" என்று எம்மிடம் பலர் கேட்கின்றனர். இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாமல், குத்தகைக் காணியில் தோட்டம் செய்வோரும் கேட்கின்றனர். இக்கேள்விக்கு விடையாகவே இப்பாடம் அமைகின்றது.

1. வாங்குவதற்கு முன்

முதலில், வேலை எவ்வளவு என்று கணக்கிடுவோம். இரண்டு பரப்புக் காணியில் பத்துப் பதினைந்து நடுத்தர மரங்களை அகற்றுவதற்காக ஒரு குடும்பம் தனியாகச் சங்கிலிவாள் வாங்குவது இலாபமல்ல. அந்த வேலை நான்கைந்து நாட்களில் முடிந்துவிடும். அதன் பின்னர் வருடத்தில் சில நாட்கள், வேலிக் கதியால் தறிக்கவும் விறகு அரியவும் மட்டுமே அது தேவைப்படும். பாவிக்காமல் மூலையில் கிடக்கும் சங்கிலிவாள்தான் விரைவில் பழுதடைகின்றது.

ஐந்து அல்லது ஆறு குடும்பங்கள் சேர்ந்து வாங்குவதே நாம் காணும் சிறந்த வழி. கமக்காரர் அமைப்போ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ பொறுப்பேற்கலாம். ஆனால் "எல்லோருடைய பொருள், ஒருவரும் பார்ப்பதில்லை" என்ற நிலை வரக்கூடாது. பயிற்சி பெற்ற ஒருவரோ இருவரோ மட்டும் அதை இயக்க வேண்டும். ஒரு கொப்பியில் திகதி, வேலை செய்த மணித்தியாலம், ஊற்றிய ஓயில், தீட்டிய விபரம் என்பன எழுதப்பட வேண்டும். பாவிக்கும் குடும்பம் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிறு தொகையைத் திருத்தச் செலவுக்காக ஒதுக்க வேண்டும்.

கூலிக்கு ஆள் பிடிக்கும் குடும்பங்களுக்கும், சிறப்பாகப் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. "காசு வேண்டாம், வெட்டிய மரத்தைத் தந்தால் போதும்" என்று ஒருவர் வந்தால் உடனே சம்மதிக்க வேண்டாம். முதிர்ந்த வேம்பினதும் பனையினதும் பெறுமதி பல நாள் கூலியிலும் கூடியதாக இருக்கும். மரங்களை எண்ணி, எவை வெட்டப்படும், எவை நிற்கும், மரம் யாருக்கு என்று எழுதிய பின்னரே வேலையைத் தொடங்க விடுங்கள்.

2. மரத்துக்குள் இருக்கும் இரும்பு

விடுவிக்கப்பட்ட காணியில் கண்ணிவெடி அகற்றப்பட்டுவிட்டது என்பதைக் கிராம அலுவலரிடம் உறுதி செய்யாமல் பற்றைக்குள் கால் வைக்கக்கூடாது. சந்தேகமான பொருள் எதையேனும் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி அறிவிக்க வேண்டும்.

நிலம் சுத்தமானாலும் மரம் சுத்தமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. செல் துண்டுகளும் சன்னங்களும் பாய்ந்த மரம் அவற்றை மூடிக்கொண்டு வளர்ந்துவிடும். பழைய வேலி மரங்களின் உள்ளே முட்கம்பியும் ஆணியும் புதைந்திருக்கும். பிரான்சின் வடகிழக்கில் முதலாம் உலகப் போர் (1914 - 1918) நடந்த பகுதிகளின் மரங்களில், நூறு ஆண்டுகள் கடந்தும் குண்டுச் சிதறல்கள் அகப்படுகின்றன. எமது மரங்களும் அப்படித்தான்.

நாம் அறிந்த ஒரு குடும்பத் தலைவர், வேலியில் நின்ற பூவரசை இடுப்பு உயரத்தில் அரிந்தபோது வாள் கம்பியில் பட்டது. சங்கிலி அறுந்து முழங்காலுக்குக் கீழே அடித்தது. அவர் சாரம் கட்டியிருந்தார். காயம் ஆற ஒன்றரை மாதம் சென்றது. அந்தப் போகம் அவருக்குப் பயிர் இல்லை.

ஆகவே வெட்டுமுன் மரத்தைச் சுற்றிப் பாருங்கள். பட்டையில் வீக்கம், பழைய வடு, உள்ளே போகும் கம்பி நுனி ஆகியவை அடையாளங்கள். வெட்டிய முகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் அருகில் இரும்பு இருக்கலாம். உடனே நிறுத்த வேண்டும். வேலி மரத்தில் கம்பி அடிக்கப்பட்ட உயரத்தைத் தவிர்த்து, அதற்குக் கீழே அல்லது நன்றாக மேலே வெட்டலாம். சந்தேகமான மரத்திற்குக் கோடரியே பாதுகாப்பு.

3. எந்தச் சங்கிலிவாள்?

இயந்திரத்தின் அளவு சிசி என்ற எண்ணால் சொல்லப்படுகின்றது. தோட்டத்திற்கும் வீட்டிற்கும் 35 முதல் 45 சிசி வரை போதும். அதற்குப் பொருத்தமான தகடு, அதாவது சங்கிலி ஓடும் நீண்ட இரும்பு, 14 முதல் 16 அங்குலம். தடித்த மரங்களை அடிக்கடி அரிபவருக்கு மட்டும் 50 சிசிக்கு மேல் தேவைப்படும். நீளமான தகடு பெருமைக்கு நல்லது. கைக்கும் முதுகுக்கும் நல்லதல்ல.

கடைகளில் மலிவான மெசின்களில் 52, 58 என்று பெரிய எண்கள் எழுதப்பட்டிருக்கும். அந்த எழுத்தை மட்டும் நம்பக்கூடாது. பெயர் பெற்ற ஜேர்மனிய, சுவீடன் நிறுவனங்களின் பெயரில் போலிகளும் உண்டு. கடையில் கேட்க வேண்டியவை இவை: இதன் சங்கிலி, தகடு, பில்ரர், பிளக் ஆகியன யாழ்ப்பாணத்தில் கிடைக்குமா? திருத்துபவர் யார்? முன்கைப்பிடிக்கு முன்னால் உள்ள பிறேக் வேலை செய்கின்றதா? இயந்திரத்தை இயக்கி, பிறேக்கை முன்னே தள்ளினால் சங்கிலி அந்தக் கணமே நிற்க வேண்டும். நிற்காத மெசினை இலவசமாகத் தந்தாலும் வாங்க வேண்டாம்.

வேலி தறிப்பதும் சிறு கொப்பு வெட்டுவதும் மட்டுமே வேலை என்றால், பற்றறியில் இயங்கும் சிறிய வாள் நல்ல தெரிவு. பராமரிப்புக் குறைவு. 2022 ஆம் ஆண்டில் கான்களில் பெற்றோல் தர மறுக்கப்பட்ட நாட்களில் பெற்றோல் மெசின்கள் பல தூங்கியதை மறக்கவில்லை. ஆனால் பற்றைக் காணியை முழுவதும் துப்புரவாக்கச் சிறிய பற்றறி வாள் போதாது.

2019 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாட்டிலுள்ள சங்கிலிவாள்கள் யாவும் பதிவு செய்யப்பட வேண்டும் என அரசாங்கம் பணித்தது. எனவே பற்றுச்சீட்டையும் மெசினின் தொடர் இலக்கத்தையும் பத்திரப்படுத்தி, பதிவு பற்றிப் பிரதேச செயலகத்திலோ பொலிஸ் நிலையத்திலோ கேட்டறிந்து கொள்ளுங்கள்.

4. பெற்றோலும் ஓயிலும்

பொருளாதாரத் தடை இருந்த 1990களில் மோட்டார் சைக்கிளையும் மண்ணெண்ணெயில் ஓட்டிப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கம் இங்கு உதவாது. நீர் இறைக்கும் மெசினுக்கு ஓயில் தனியே நிற்கின்றது. சங்கிலிவாளில் பெற்றோலுடன் கலந்த ஓயில்தான் இயந்திரத்தின் உட்பகுதியை வழுக்க வைக்கின்றது. ஓயில் இல்லாத பெற்றோல் சில நிமிடங்களில் மெசினை இறுகச் செய்துவிடும்.

கலவையின் அளவு மெசினுடன் வரும் கைநூலில் இருக்கும். 50க்கு 1 என்றால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லி லீற்றர் ஓயில். 25க்கு 1 என்றால் 40 மில்லி லீற்றர். இதற்கென உள்ள இரண்டு ஸ்ரோக் ஓயிலையே பாவிக்க வேண்டும். கண்ணளவில் ஊற்ற வேண்டாம்; ஊசி இல்லாத ஒரு சிறிஞ்சு போதும். ஒரு மாதத்திற்குள் முடியும் அளவே கலக்க வேண்டும்.

சங்கிலிக்கு வேறு ஓயில், வேறு தாங்கி. ஒவ்வொரு முறை பெற்றோல் நிரப்பும்போதும் இதையும் நிரப்ப வேண்டும். ஓயில் வருகின்றதா என்று அறிய, ஓடும் வாளின் நுனியை ஒரு காட்போட் மட்டைக்கு நேரே, அதில் படாமல் பிடித்தால், மட்டையில் ஓயில் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் துவாரம் அடைத்திருக்கின்றது.

கராச்சில் கழித்த கறுப்பு ஓயிலைச் சிலர் ஊற்றுகின்றனர். அதில் உள்ள இரும்புத் துகள் ஓயில் பம்மைத் தேய்க்கும். தோலுக்கும் கெடுதி. சங்கிலியில் ஊற்றுவது முழுவதும் கடைசியில் எமது மண்ணில்தான் விழுகின்றது. எமது நிலத்தின் கீழே சுண்ணக்கல். விழுந்தது கிணற்றுக்குப் போக அதிக காலம் எடுக்காது. 2014, 2015 ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினை எல்லோரும் அறிந்ததே.

5. தீட்டத் தெரிந்தவரே இயக்கத் தெரிந்தவர்

கூரான சங்கிலி தானாக மரத்துக்குள் இறங்கும். சீவல் சீவலாக விழும். மா போன்ற தூள் விழுந்தால், அல்லது வாளை அழுத்த வேண்டியிருந்தால், சங்கிலி மழுங்கிவிட்டது. மழுங்கிய வாளை அழுத்துவதே மெசின் கெடுவதற்கும் விபத்துக்கும் பெரிய காரணம். செம்மண் ஒட்டிய குற்றியும் நிலத்தில் படும் நுனியும் ஒரு கணத்தில் கூரைக் கெடுக்கும். பனையின் வெளி வைரமும் விரைவில் மழுங்கச் செய்யும்.

தீட்டுவதற்கு வட்ட அரம் வேண்டும். சங்கிலியின் வகையைப் பொறுத்து அரம் 4 மில்லி மீற்றர் அல்லது 4.8 மில்லி மீற்றராக இருக்கும். கைநூலைப் பார்த்து வாங்குங்கள். தகட்டை அசையாமல் பிடித்து, பல்லின் உட்புறமிருந்து வெளிப்புறமாக, ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில், ஒரே திசையில் தள்ள வேண்டும். இழுக்கும்போது அரத்தைத் தூக்க வேண்டும். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளல் என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றே. ஒரு பக்கப் பற்களை முடித்துவிட்டு மறுபக்கம் செல்லுங்கள். இரு பக்கமும் சமமில்லாவிட்டால் வாள் வளைந்து அரியும்.

ஒவ்வொரு பல்லின் முன்னாலும் ஒரு சிறு மேடு உண்டு. பல் எவ்வளவு ஆழம் கடிக்கும் என்பதை அதுவே தீர்மானிக்கின்றது. சில தடவை தீட்டிய பின்னர், அளவுத் தகடு வைத்து, தட்டை அரத்தால் அதைச் சிறிது குறைக்க வேண்டும். அளவுக்கு மீறிக் குறைத்தால் வாள் எகிறும்.

6. நாளாந்தக் கவனிப்பு

வேலை முடிந்ததும் கால் மணித்தியாலம் ஒதுக்கினால் போதும்.

- காற்றுப் பில்ரரைக் கழற்றித் தூசி தட்ட வேண்டும்.
- தகட்டைக் கழற்றி, தவாளிப்பையும் ஓயில் துவாரத்தையும் துப்புரவாக்கி, மேல் கீழாகத் திருப்பிப் பூட்ட வேண்டும். அப்போது இரு ஓரமும் சமமாகத் தேயும்.
- சங்கிலி இறுக்கம்: மெசின் ஆறியபின் நுனியைத் தூக்கிப் பிடித்து இறுக்குங்கள். சங்கிலி தகட்டின் அடியில் தொங்கக்கூடாது. ஆனால் கையுறை அணிந்த கையால் இழுக்க ஓட வேண்டும். புதிய சங்கிலி முதல் நாளில் நீளும்; அடிக்கடி பாருங்கள்.
- மெசின் ஆறுதலாக ஓடும்போது சங்கிலி சுழலக்கூடாது. சுழன்றால் திருத்துபவரிடம் கொடுங்கள்.
- ஒரு மாதத்திற்கு மேல் வைப்பதானால் பெற்றோலை வடித்து, மிச்சம் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓட விட்டு வையுங்கள்.

7. உயிர் பெரிது

சாரத்துடனும் செருப்புடனும் சங்கிலிவாளைத் தொடக்கூடாது. தடித்த நீளக் காற்சட்டை, சப்பாத்து, கையுறை வேண்டும். மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் ஒன்றேனும் போடுங்கள். காதுக்குள் அடைப்பான் வையுங்கள். எப்போதும் இரண்டு கைகளாலும் பிடிக்க வேண்டும். தோளுக்கு மேலே தூக்கியும், ஏணியில் நின்றும் அரியக்கூடாது. நுனியின் மேற்பாதி எதிலும் பட்டால் வாள் முகத்தை நோக்கி எகிறி அடிக்கும். இதனாலேயே பலர் படுகாயமடைகின்றனர். தனியே வேலை செய்யக்கூடாது. பெற்றோல் நிரப்பிய இடத்திலிருந்து பத்தடி தள்ளி நின்றே மெசினை ஸ்ராட் செய்ய வேண்டும்.

மரம் விழுத்தும்போது, விழ வேண்டிய பக்கத்தில் விட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கு ஆழத்திற்கு வாய் வெட்டுங்கள். பின்னர் எதிர்ப்பக்கத்தில் சற்று உயரமாக அரியுங்கள். இடையில் விட்டத்தின் பத்தில் ஒரு பங்கை அரியாமல் விட வேண்டும். கதவுக்குப் பிணைச்சல் போல அதுவே மரத்தை வழிநடத்தும். பனைக்கு இந்த விதி முழுமையாகப் பொருந்தாது. அதன் வலிமை வெளி வளையத்தில், உள்ளே சோறு. எனவே பனையை விழுத்துவதை அனுபவசாலியிடமே விடுங்கள்.

8. எதை வெட்டாமல் விடுவது?

பனை, பலா, ஈரப்பலா போன்ற மரங்களை வெட்டப் பிரதேச செயலகத்தின் ஊடாக அனுமதி பெற வேண்டும். சட்டம் மட்டுமல்ல காரணம். யுத்த காலத்தில் பதுங்கு குழிகளுக்கும் காவலரண்களுக்கும் எமது பனைகள் கணக்கின்றித் தறிக்கப்பட்டன. ஒரு பனை முதற் குலை தள்ள 15 முதல் 20 ஆண்டுகள் செல்லும். அதைச் சில நிமிடங்களில் விழுத்தும் வல்லமை இப்போது எமது கையில் வந்திருக்கின்றது.

நகரை முற்றுகையிடும் படையினர்கூட அங்குள்ள கனிமரங்களைக் கோடரியால் அழிக்கக்கூடாது என்று இணைச்சட்ட நூல் (20:19) விதிக்கின்றது. போர் செய்பவனுக்கே அந்தக் கட்டளை என்றால், போரின் பின் வீடு திரும்புபவனுக்கு அது இன்னும் எவ்வளவு பொருந்தும்! முதல் நாளே எல்லாவற்றையும் வெறுவெளியாக்க வேண்டாம். நிழலுக்கும் காற்றுத் தடுப்புக்கும் வேண்டிய மரங்களில் துணிக் கீற்று ஒன்றைக் கட்டிவிட்டு மெசினைத் தொடுங்கள். வெட்டிய பூவரசங் குழையை எரிக்காமல் தோட்டத்தில் தாழுங்கள். அகற்றும் ஒவ்வொரு பனைக்கும் பதிலாக எல்லையில் பத்துப் பனம் விதையாவது ஊன்றுங்கள்.

குழுவில் கலந்துரையாட

1. எமது குழுவில் உள்ள குடும்பங்களுக்கு வருடத்தில் எத்தனை நாள் சங்கிலிவாள் தேவை? வாங்குவதா, கூலிக்குப் பிடிப்பதா இலாபம்?
2. மெசினுக்கும் கொப்பிக்கும் பொறுப்பாளர் யார்? தீட்டப் பழகப் போகின்றவர் யார்?
3. எமது காணிகளில் இரும்பு இருக்கக்கூடிய மரங்கள் எவை? வெட்டாமல் விட வேண்டியவை எவை? அடுத்த கூட்டத்திற்கு முன் ஒவ்வொரு குடும்பமும் காணியைச் சுற்றி நடந்து ஒரு பட்டியல் எழுதி வரட்டும்.